ப்ராக்ஹாம்ப்டனின் ‘சாச்சுரேஷன்’ (2017): ஒரே வீட்டுக்குள்ள செஞ்ச ஆல்பம், பேசலாம் வாங்க

சத்தக்காடு

ப்ராக்ஹாம்ப்டன்ங்கிற அமெரிக்க ராப் குழுவோட ‘ஐரிடெசன்ஸ்’ ஆல்பம் பத்தி இங்கே நாலு பதிவு இருக்கு. ‘சுகர்’ பாட்டுக்கு ஒரு சண்டையே நடந்திருக்கு. ஆனா இந்தக் குழு பேர் வாங்கினதே எந்த ஆல்பத்தாலயோ, அதுக்கு இழையே இல்லை. அதான் நானே ஆரம்பிச்சிட்டேன்.

கேட்காதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2010ல டெக்ஸாஸ்ல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், ‘கான்யே டு த’ங்கிற ரசிகர் மன்றத்துல, யாராவது சேர்ந்து பேண்டு போடலாமான்னு ஒரு இழை போடுறான். அவன்தான் பின்னாடி கெவின் அப்ஸ்ட்ராக்ட் ஆனவன். டாம் மெக்லெனன், ரோமில் ஹேம்நானி ரெண்டு பேரும் கனெக்டிகட். பேர்ஃபேஸ் அயர்லாந்துப் பக்கம் பெல்ஃபாஸ்ட்காரன். மேட் சாம்பியன், மெர்லின் வுட், அமீர் வான், ஜோபா எல்லாம் டெக்ஸாஸ் வட்டாரம். பாதிப் பேர் முகம் பார்க்காமலே நண்பர்களானவங்க. முதல்ல வேற பேர்ல இருந்தாங்க, 2014ல ப்ராக்ஹாம்ப்டன் ஆனாங்க. சான் மார்கோஸ்ல ஒண்ணாக் கூடி, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் போய், சவுத் சென்ட்ரல் பகுதியில ஒரே வீட்டுல எல்லாரும் தங்கினாங்க. ரோமிலோட படுக்கையறைதான் ஸ்டூடியோ.

அந்த வீட்டுலேர்ந்து 2017 ஜூன் 9 அன்னைக்கு வந்ததுதான் ‘சாச்சுரேஷன்’. 17 தடம். அதுல மூணு, ராபர்ட் ஒன்டெனியென்ட் ஸ்பானிஷ்ல பேசுற சின்னச் சின்னத் துணுக்கு. ‘ஹீட்’, ‘கோல்டு’, ‘ஸ்டார்’னு வரிசையா மூணு பாட்டு மூச்சு விடவே விடாது.

என் கேள்வி இதுதான். இதைப் பத்திப் பேசுற எல்லாரும் வீட்டைப் பத்தித்தான் பேசுறாங்க. சொந்தக் காசு, சொந்த வீடியோ, ஒரே கூரைன்னு. அந்தக் கதை தெரியாம, வெறும் பாட்டை மட்டும் கேட்டா இது நிக்குமா? வீடு இந்த ஆல்பத்துக்குள்ள எங்கேயாவது நிஜமாவே காதுல கேட்குதா?

பழைய கேசட்

தம்பி, நீங்க கேட்டதுக்காக ரெண்டு தடவை முழுசாக் கேட்டேன். நேர்மையாச் சொல்றேன், எனக்கு ஒட்டவில்லை.

கூட்டமாப் பாடுற ஹிப் ஹாப் எனக்குப் புதுசில்லை. 1993 நவம்பர்ல வந்த வூ-டாங் கிளானோட முதல் ஆல்பத்தை எடுத்துக்குங்க. ஒன்பது பேர். புரூக்ளின்ல ஃபயர்ஹவுஸ்ங்கிற சின்ன ஸ்டூடியோவில் பதிவானது. அதற்கு முந்தின வருஷமே ‘ப்ரொடெக்ட் யா நெக்’ பாட்டைத் தாங்களாகவே அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அலைந்தவர்கள். ஒவ்வொருத்தர் குரலும் ரெண்டு வரியில் இன்னார் என்று தெரிந்துவிடும். கோஸ்ட்ஃபேஸை யாரும் மெத்தட் மேன் என்று நினைத்துவிட முடியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழு வெர்ஸ், அதாவது சரணம், இருக்கும், அதற்குள் ஒரு கதை இருக்கும்.

இங்கே என்ன நடக்கிறது? ஒருத்தர் வாயைத் திறந்து சூடு பிடிக்கிற நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுகிறார். அவரும் போய்விடுகிறார். நடுவில் ஹூக் என்கிற பல்லவி, மறுபடி ஹூக். ‘கோல்டு’ பாட்டில் அந்தத் தங்கச் சங்கிலி வரி மூன்று நாளாக மண்டையில் ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்டையில் ஓடுவது வேறு, நிற்பது வேறு. இதற்கு மேல் தங்களை ‘பாய் பேண்டு’ என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். அது கிண்டலா நிஜமா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

அண்ணாச்சி_கடை

மன்றத்துல வெட்டியாப் பேசிக்கிட்டு இருந்த பயலுவ பேண்டு போட்டானுவளாம்லா. நாமளும் இங்கன பத்து வருஷமா பேசிக்கிட்டுதான் இருக்கோம், ஒரு பாட்டு வரல. கேசட் அண்ணாச்சி ராப் பாடுவீயளா, நான் வேணா கோரஸ் குடுக்கேன்.

மிக்ஸர்பொட்டலம்

வீடு காதுல கேட்குதான்னு கேட்டீங்க. கேட்குது. நான் வீட்டுலயே பீட் பண்ணி மிக்ஸ் பண்றவ, அதனால இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு.

‘ஹீட்’ ஆரம்பத்துல அந்த பேஸை, அதான் அந்த அடித்தொனியை, ஹெட்ஃபோன்ல கேளுங்க. அது சுத்தமான பேஸ் கிடையாது, கரகரன்னு உடைஞ்சு நிக்கும். பெரிய ஸ்டூடியோவுல உட்கார்ந்திருக்கிற ஒரு பொறியாளர் முதல் வேலையா அதைத்தான் சரி பண்ணியிருப்பார். இவங்க அதையே பாட்டோட முதுகெலும்பா வச்சுட்டாங்க. அதே பாட்டுல ஜோபா திடீர்னு வந்து கத்துவாரே, கழுத்தை ஒடிச்சிடுவேன்னு, அது மைக்கைத் தாண்டி உங்க முகத்துல வந்து விழும். ஜோபா வெறும் பாடகர் இல்லை. பதிவு, மிக்ஸிங் வேலையும் பார்க்கிற ஆள். கத்துறவருக்கே அந்தக் கத்தலை எவ்வளவு வரைக்கும் ஓட விடலாம்னு தெரியும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா கிடைக்கிற சுதந்திரம் அது.

அடுத்து குரல். கெவின் குரலைப் பல இடத்துல பிட்ச் ஏத்தி, இறக்கி, வேற வேற ஆள் மாதிரி ஆக்கியிருப்பாங்க. இது ஏற்கெனவே எல்லாரும் பண்றதுதான். ஆனா ஏழெட்டுக் குரல் இருக்கிற குழுவுல, இருக்கிற குரலையே இன்னும் ரெண்டு மூணாப் பிரிக்கிறது ஒரு துணிச்சல். கேட்கிறவங்களுக்கு எத்தனை பேர் அறையில இருக்காங்கன்னே பிடிபடாது. எனக்கு அதுதான் அந்த வீடு.

கேசட் அண்ணே, உங்க ‘சூடு பிடிக்கிறதுக்குள்ள போயிடுறாங்க’ புகாருக்கு வர்றேன். அது குறை மாதிரி தெரியலாம். எனக்கு அது வெட்டுக் கத்தரி. ரோமில், ஜபாரி மன்வா, கிகோ மெர்லின்னு மூணு பீட் ஆளுங்க, அதுபோக ஜோபா, பேர்ஃபேஸ் வேற பீட்ல கை வைப்பாங்க. ஒரு பீட் முடிஞ்சா பக்கத்து அறையில ஆள் தயார். எழுதினதை எல்லாம் வைக்கணும்னு யாரும் அடம்பிடிச்ச மாதிரி தெரியலை. எது நல்லா இருக்கோ அந்தத் துண்டு மட்டும் தங்கும். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்குல வாடகை கட்டிப் பதிவு பண்ணியிருந்தா, எழுதிட்டு வந்ததை வீணாக்க மனசு வராது. படுக்கையறையில வீணாக்கலாம்.

பழைய கேசட்

//எது நல்லா இருக்கோ அந்தத் துண்டு மட்டும் தங்கும்//

அம்மா, அப்படித் தங்கிய துண்டுகளில் பாதி எனக்கு நல்லதாகத் தெரியவில்லையே! ‘ஸ்டார்’ பாட்டில் வரிக்கு ஒரு சினிமாக்காரன் பெயர். பெயர் சொல்வதே வரியாகிவிடுமா? ‘கேஷ்’, ‘ஃபேக்’ இரண்டும் ஆல்பத்தில் இருந்ததே அடுத்த நாள் நினைவில்லை. ஆனால் அந்த பேஸ் விஷயம் நீங்கள் சொன்னபிறகு திரும்பக் கேட்டேன். அது நன்றாக இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது.

வெண்பா

‘ஸ்டார்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டு நட்சத்திரங்களின் பெயர்களை அடுக்குவது வெறும் பகட்டுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் அறியாத இளைஞர்கள், வாடகை வீட்டில் படுத்துக்கொண்டு, தங்களை அந்த முகங்களுக்குள் பொருத்திப் பார்க்கிறார்கள். வீடியோவில் முகம் முழுக்க நீலச் சாயம் பூசிக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள். அந்த அடுக்குக்கு நடுவில்தான் கெவின் தன் வெர்ஸில், தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதை எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல், கொஞ்சம் கொச்சையாகவே போட்டு உடைக்கிறார். மற்ற ராப்பர்கள் பெண்களைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் அதே தோரணை, அதே சொடுக்கு. உருக்கம் கிடையாது, மன்னிப்புத் தொனி கிடையாது. கூட இருப்பவர்களும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அந்த ‘எடுத்துக்கொள்ளாமை’தான் ஆல்பத்தின் பெரிய சாதனை.

அதே 2017 ஆகஸ்டில் வந்த இரண்டாவது ‘சாச்சுரேஷன்’ ஆல்பத்தில் ‘ஜங்கி’ பாட்டில், ஏன் எப்போதும் இதையே பாடுகிறாய் என்று கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்: பாடுகிறவர்கள் போதுமான அளவில் இல்லை, அதனால் என்று. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய தனி ஆல்பம் ‘அமெரிக்கன் பாய்ஃபிரண்ட்’ முழுக்க இந்த விஷயம்தான், ஆனால் அங்கே அது தனியாக அறையில் உட்கார்ந்து பேசுவது போன்ற தொனி. ‘சாச்சுரேஷ’னில் அதையே கூட்டத்துக்கு நடுவில் நின்று சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், குரலில் எவ்வளவு நிமிர்வு வந்திருக்கிறது என்பது தெரியும்.

பழைய கேசட் ஐயா, ‘பாய் பேண்டு’ கிண்டலா நிஜமா என்று கேட்டிருந்தீர்கள். கறுப்பர், வெள்ளையர், கானா நாட்டுப் பெற்றோரின் பிள்ளை, இந்திய வம்சாவளிப் பையன், ஆண்களை விரும்புகிறவர், பெண்களை விரும்புகிறவர்கள் எல்லோரும் கலந்த ஒரு ராப் கூட்டம். ‘பாய் பேண்டு’ என்றதும் ஒரு நிறத்தில் ஒரே மாதிரி சிரிக்கும் ஐந்து பையன்கள் நினைவுக்கு வருகிறார்கள் இல்லையா, அந்த நாற்காலியில் இவர்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பூகி’யில் ஒன் டைரக்ஷனுக்குப் பிறகு நாங்கள்தான் என்று கத்துவார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனால் விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை.

நீலமுகம்

வெண்பா அக்கா சொன்னதுக்கு ஆயிரம் லைக்.

எல்லாரும் முதல் பாதியைப் பத்தியே பேசுறீங்க. இந்த ஆல்பத்தோட உயிர் கடைசி மூணு பாட்டுல இருக்கு: ‘மில்க்’, ‘ஃபேஸ்’, ‘வேஸ்ட்’. ‘மில்க்’ல நான் நானா இருக்கிறதுல இன்னும் தேறணும்னு ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். அவ்ளோ நேரம் ஆட்டம் போட்டவங்க அந்த இடத்துல தலையைக் குனிஞ்ச மாதிரி இருக்கும். ‘ஃபேஸ்’ல ஜோபா பாடுற ஹூக், முதல் பாட்டுல கழுத்தை ஒடிப்பேன்னு கத்தின அதே ஆள்தான்னு நம்பவே முடியாது. அப்புறம் ‘வேஸ்ட்’. ராப்பே கிடையாது. பேர்ஃபேஸ் கிடாரை வச்சுக்கிட்டுத் தனியாப் பாடுறார், ஆல்பம் முடிஞ்சிடுது.

பழைய கேசட்

‘வேஸ்ட்’ பெயருக்கேற்ற பாட்டு. ஹிப் ஹாப் ஆல்பத்தைக் கிடார் தாலாட்டில் முடிப்பதற்கு என்ன அவசியம்?

நீலமுகம்

அண்ணே, மனசே இல்லையா உங்களுக்கு!! ரெண்டாவது ஆல்பத்தையும் பேர்ஃபேஸ்தான் ‘சம்மர்’னு இதே மாதிரி பாடி முடிப்பார். அப்போ இது தற்செயலா வந்தது கிடையாது, திட்டம்.

மிக்ஸர்பொட்டலம்

இதுல நான் கேசட் அண்ணே கட்சி. ‘வேஸ்ட்’ தனியாக் கேட்டா அழகு. ‘ஃபேஸ்’ முடிஞ்ச உடனே வந்தா, ஏற்கெனவே இறங்கின இடத்துலேர்ந்து இன்னும் இறங்குற மாதிரி. ‘ஃபேஸ்’லயே முடிச்சிருக்கலாம்.

தெற்குவாசல்

கொஞ்சம் வேற பக்கம் போறேன். சொந்தக் காசு, ஒரே வீடுன்னு பேசி, கம்பெனி துணையில்லாத ‘சுயாதீன ஆல்பம்’ மாதிரி சொல்றீங்க. எந்தக் கணக்குல?

இது எம்பயர் மூலமா வந்த ஆல்பம். சான் பிரான்சிஸ்கோக்காரங்க, 2010ல தொடங்கின விநியோக நிறுவனம். ஆல்பத்தை ஸ்ட்ரீமிங்ல ஏத்துறது, கடைகளுக்கு அனுப்புறது, கணக்குப் பார்க்கிறது எல்லாம் பண்றவங்க. அதே 2017 ஜூன்ல வைஸ்லாண்டு சேனல்ல ‘அமெரிக்கன் பாய்பேண்டு’ன்னு இவங்களைப் பத்தி ஒரு தொடரே ஓடிச்சு. டி.வி. தொடர் இருக்கிற பையன்களை ‘யாரும் துணை இல்லாம’ன்னு சொன்னா எப்படி? வாடகை வீடு, நீலச் சாயம் எல்லாம் நல்ல கதை. நல்ல விளம்பரமும்கூட.

பழைய கேசட்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சுயாதீனம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் ஓக்லாண்டு ஊரின் ஹைரோகிளிஃபிக்ஸ் ராப் கூட்டத்தைப் பாருங்கள். டெல், கேஷுவல், சோல்ஸ் ஆஃப் மிஸ்சிஃப் எல்லோரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எலெக்ட்ரா, ஜைவ் என்று பெரிய கம்பெனிகளில் இருந்தவர்கள். கம்பெனிகள் கைவிட்டபிறகு சொந்த லேபிள் (இசைக் கம்பெனி) தொடங்கி, 1998ல் ‘தேர்டு ஐ விஷன்’ ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். இணையம் ஊருக்குள் வந்து சேராத காலத்திலேயே சொந்த இணையதளம் வைத்து ரசிகர்களைப் பிடித்தவர்கள். மூன்று கண் உள்ள அந்த முகச் சின்னத்தை இன்றைக்கும் பையிலும் சட்டையிலும் பார்க்கலாம். அவர்கள் கம்பெனியின் உள்ளே போய், அடிபட்டு, வெளியே வந்து நின்றார்கள். இந்தப் பையன்கள் வெளியே நின்று, எப்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

சத்தக்காடு

அண்ணே, ‘காத்திருந்தார்கள்’ங்கிறது கொஞ்சம் அநியாயம்.

தெற்குவாசல், எம்பயர் விஷயம் சரிதான். ஆனா விநியோகம் பண்றவங்க பாட்டுக்குள்ள வரமாட்டாங்க. எந்தப் பாட்டு முதல்ல, யார் வெர்ஸ் தூக்கணும், வீடியோவுல யார் என்ன கலர்ல நிக்கணும், இதெல்லாம் கம்பெனி அறையில முடிவானா அது வேற ஆல்பம். இங்கே வீடியோ இயக்கினது கெவின். வடிவமைப்பு ஹெனொக் சிலேஷி. படம் எடுத்தது ஆஷ்லன் க்ரே.

அதைவிட முக்கியமா ஒண்ணு. இவங்க எல்லாரும் குழுவோட *உறுப்பினர்கள்*. வேலைக்கு வச்ச ஆளுங்க கிடையாது. ஸ்பானிஷ்ல பேசுறாரே ராபர்ட், அவர் குழுவோட இணையதளத்தைப் பார்த்துக்கிற ஆள்! வெப் டெவலப்பர் குரல்தான் ஆல்பத்துல மூணு தடவை வந்து உங்களை அடுத்த பகுதிக்குக் கூட்டிட்டுப் போகுது. போஸ்டர்ல ராப்பர் நிக்கிற வரிசையிலயே கேமராக்காரரும் நிப்பார். எந்த ராப் குழுவுலயாவது டிசைனரைப் பேர் சொல்லி ரசிகர்கள் கூப்பிட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? எனக்கு இந்த ஆல்பத்தோட சுயாதீனம் அங்கேதான் இருக்கு. லேபிள் இருக்கா இல்லையாங்கிறதுல இல்லை, பேர் யார் யாருக்குப் போகுதுங்கிறதுல.

தெற்குவாசல்

பேர் எல்லாருக்கும் போகுது, சரி. காசு?

சத்தக்காடு

அந்தக் கணக்கு அவங்களுக்குத்தான் தெரியும். நமக்குக் கேட்குறது பாட்டு மட்டும்தான்.

அண்ணாச்சி_கடை

ஒரே வீட்டுல இத்தன ஆம்பளப் பயலுவ. பாத்திரம் யாரு கழுவுனா? அத மொதல்ல சொல்லுங்க. எங்க மேன்ஷன்ல நாலு பேருக்கே நடு ராத்திரி பஞ்சாயத்து.

வெண்பா

இன்னொன்றையும் பேசாமல் போக முடியாது. அட்டைப்படம். மூன்று சாச்சுரேஷன் அட்டையிலும் இருப்பது அமீர் வானின் முகம்தான்.

2018 மே மாதம் முன்னாள் தோழிகள் சிலர் அவர்மீது குற்றச்சாட்டுகளை முன்வைத்தார்கள். தன் நடத்தை சுயநலமானது என்று அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் சட்டப்படி யாருக்கும் குற்றம் எதுவும் இழைக்கவில்லை என்றும் சொன்னார். அந்த மாதமே குழு அவரை நீக்கியது, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் எஞ்சியிருந்த கச்சேரிகளையும் ரத்து செய்தது.

இப்போது ‘சாச்சுரேஷன்’ கேட்கும்போது அது இடறுகிறது. முதல் பாட்டில் முதலில் வரும் குரல் அவருடையது. ஆல்பத்தின் இருட்டு முழுவதையும், போதை, வறுமை, குற்றம் எல்லாவற்றையும், தூக்கிச் சுமப்பது அந்தத் தாழ்ந்த குரல்தான். ஒருத்தரைக் கழித்துவிட்டு மற்றதை மட்டும் கேட்கலாம் என்றால் இந்த ஆல்பத்தில் முடியாது, ஏனென்றால் யாருக்கும் தனிப் பாட்டு என்று பெரிதாக இல்லை, எல்லாம் பின்னிக் கிடக்கிறது. சத்தக்காடு புகழ்கிற அந்த ஒரே வீட்டு ஏற்பாட்டின் மறுபக்கம் இது. பெயரைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிர வேண்டியிருந்தது. நான் இன்னமும் கேட்கிறேன். ஆனால் நண்பர்களுக்குச் சிபாரிசு செய்யும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீலமுகம்

எனக்கு இதைப் பத்திப் பேசவே கஷ்டமா இருக்கு அக்கா. அவர் போனப்புறம் அந்தக் கனமான குரல் இடத்தை யாரும் நிரப்பலை. ‘ஐரிடெசன்ஸ்’ பிடிக்கும், ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கிறது கேட்கும்.

நடுவர்

இந்த விஷயத்தில் பொதுவெளியில் வந்ததைத் தாண்டி வதந்திகளை இங்கே எழுத வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆல்பத்துக்குத் திரும்புங்கள்.

கடற்கரை ரயில்

திரும்பிட்டேன். மூணு ‘சாச்சுரேஷன்’ல எது பெஸ்ட்? ஜூன், ஆகஸ்ட் 25, டிசம்பர் 15. ஒரே வருஷத்துல மூணு முழு ஆல்பம். நான் ரெண்டாவது கட்சி. அதுல ‘கம்மி’ங்கிற பாட்டு ஆரம்பத்துல பழைய சினிமா மாதிரி வயலின் வந்து, அப்படியே சைரன் மாதிரி சின்தசைசர் சத்தத்துல உடையும் பாருங்க, அந்த ஒரு நொடிக்கு முதல் ஆல்பம் முழுசையும் குடுத்திடலாம்.

நீலமுகம்

முதல் ஆல்பத்துல பாட்டுப் பேரெல்லாம் நாலு எழுத்து, ரெண்டாவதுல அஞ்சு, மூணாவதுல ஆறு. இங்கிலீஷ்ல எண்ணிப் பாருங்க. ‘வேஸ்ட்’, ‘சம்மர்’, ‘டீம்’ கடைசிப் பாட்டுங்க மட்டும் விலக்கு. மூணாவதோட கடைசிப் பாட்டு முடியுற சத்தம் ‘ஹீட்’ ஆரம்பத்துல போய் ஒட்டும். ரிப்பீட்ல போட்டா முடிவே கிடையாது.

மிக்ஸர்பொட்டலம்

மிக்ஸ் தரத்துல மூணாவதுதான் மேல. கை தேறியிருக்கு, குறைஞ்ச மாசத்துல இவ்ளோ தேறினது ஆச்சரியம்தான். ஆனா எனக்கு முதல்தான். ரெண்டாவதுலேர்ந்து அவங்களுக்குத் தாங்க யாருன்னு தெரிஞ்சிடுச்சு. ரசிகர்கள் வந்தாச்சு, எது எடுபடுதுன்னு தெரிஞ்சாச்சு. முதல் ஆல்பத்துல ‘ட்ரிப்’, ‘ஸ்விம்’ மாதிரி பாட்டுங்க இருக்கே, கொஞ்சம் மிதக்குற, எங்கே போறோம்னு தெரியாத பாட்டுங்க, அது மாதிரி அப்புறம் குறைஞ்சுபோச்சு. ‘பம்ப்’ல மிருதுவான ஹூக்குக்கு நடுவுல ஜோபா எகிறுறதைப் பாருங்க. ரெண்டு வேற பாட்டை ஒட்டின மாதிரி இருக்கும், தையல் தெரியும். மூணாவது ஆல்பத்துல அந்தத் தையலை மறைச்சிருப்பாங்க. எனக்குத் தையல் தெரியுறதுதான் பிடிக்குது.

தெற்குவாசல்

எல்லாம் சரி. மூணாவது வந்து நாலு மாசம் ஆகுறதுக்குள்ள, அடுத்த மார்ச் வாக்குல, ஆர்.சி.ஏ.ங்கிற பெரிய இசைக் கம்பெனியில கையெழுத்து. ஒன்றரைக் கோடி டாலருக்கு மேலன்னு செய்தி. சுயாதீனம் எங்கே போச்சு? முதல்லயே சொன்னேன்.

சத்தக்காடு

போகட்டுமே. 2018 செப்டம்பர்ல வந்த ‘ஐரிடெசன்ஸ்’, பில்போர்டு 200ங்கிற அமெரிக்க ஆல்பம் தரவரிசையில முதல் இடத்துல இறங்கிச்சு. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவுல போய்ப் பதிவு பண்ணாங்க. அடுத்த வருஷம் ‘சுகர்’ வந்து, ராப் கேட்காதவங்க வீட்டுலயும் ஓடிச்சு. இதெல்லாம் கம்பெனிக் காலத்துல நடந்ததுதான். கம்பெனிக்குப் போனா பாட்டு செத்துப்போகும்னு நான் சொல்லவே இல்லை. நான் சொல்றது, ஜூன்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மூணு ஆல்பம்ங்கிற வேகம் எந்தக் கம்பெனி அட்டவணையிலும் நடக்காது. ஒரு ஆல்பத்தை விளம்பரம் பண்ணவே அவங்களுக்கு அரை வருஷம் வேணும். அந்த வேகம்தான் ‘சாச்சுரேஷ’னோட குணமே. யோசிச்சு மெருகேத்த நேரமில்லாததால தங்கின கரகரப்பு அது.

வெண்பா

அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரு வீடு, ஒரு கணக்கு, ஒரே ஒப்பந்தம். கடைசியில், 2022 நவம்பரில் வந்த ‘த ஃபேமிலி’யைக் கேட்டீர்களா? குழுவின் பெயரில் வந்த ஆல்பம், ஆனால் அதில் பெரும்பாலும் கெவின் ஒருவர் குரல்தான். அதில் ‘ரிஸா’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது, குழுவைச் சேர்த்து வைக்க முடியாமல் போனதைப் பற்றி. ரிஸா என்றால் வூ-டாங் கிளானின் தலைவர், பழைய கேசட் ஐயாவின் ஆள்தான்.

பழைய கேசட்

என்னது, ரிஸா பெயரிலா? இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேனே.

இப்போதுதான் கேட்டேன். பாட்டு பரவாயில்லை, ஆனால் அந்தப் பையன் ரிஸாவைத் தவறான காரணத்துக்குப் புகழ்கிறான். ரிஸா யாரையும் ஒரே வீட்டில் பூட்டி வைக்கவில்லை. லவுடு கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போதே, குழு உங்களுக்கு, ஆனால் ஒவ்வொருத்தனும் தனியாக எங்கே வேண்டுமானாலும் போவான் என்று எழுதி வாங்கிக்கொண்டார். மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்குப் போனார், ஓல்டு டர்ட்டி பாஸ்டர்டு எலெக்ட்ராவுக்கு, ஜிஸா கெஃபனுக்கு. ரேக்வான் மட்டும் லவுடிலேயே. நாலு கம்பெனிப் பணம் ஒரே கூட்டத்துக்குள் வந்தது, பீட் எல்லாம் பெரும்பாலும் ரிஸா கையில். சண்டை அவர்களுக்குள்ளும் வந்தது, வராமல் இல்லை. ஆனால் தனியாகப் போக இடம் இருந்ததால் திரும்பி வரவும் இடம் இருந்தது.

மிக்ஸர்பொட்டலம்

அண்ணே, இது நல்ல பாயிண்டு. ப்ராக்ஹாம்ப்டன்ல அந்த வருஷங்கள்ல கெவினைத் தவிர யாருக்கும் கவனிக்கிற மாதிரி தனி ஆல்பம் இல்லை. மேட்டோட முதல் தனி ஆல்பமே குழு கலைஞ்சப்புறம் 2024லதான். டாம் எழுதுற விதத்துக்கு 2018லயே ஒரு ஆல்பம் வந்திருக்கணும். ‘ஹீட்’ல தன் யோசனையையே வெறுக்கிறேன்னு ஒரு வெர்ஸ் வருமே, அந்த ஆளுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல எங்கேயும் இடம் கிடைக்கலை.

சத்தக்காடு

ஆனா டாமுக்கு முழு ஆல்பம் குடுத்திருந்தா ‘ஹீட்’ல அந்த வெர்ஸ் இருந்திருக்குமா? எழுதினதுல நல்லதைத் தனக்குன்னு எடுத்து வச்சிருப்பான் இல்லையா. வூ-டாங் ரெண்டாவது ஆல்பம் வர நாலு வருஷம் ஆச்சு அண்ணே, 1997. அதுக்கு நடுவுல நல்ல வெர்ஸெல்லாம் தனி ஆல்பத்துக்குப் போயிடுச்சு.

பழைய கேசட்

அந்த நாலு வருஷத்தில் வந்த தனி ஆல்பங்கள் என்னென்ன என்று பட்டியல் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள் தம்பி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

‘ஹீட்’டை மட்டும் என் வண்டி பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். ‘வேஸ்ட்’ இல்லை.